சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் சிந்தனைத் திரிபும் குற்றமும்

ஆய்வுச்சுருக்கம்

குற்றச் செயலுக்குப் பின்னால் திரிந்த சிந்தனை முறைகள் உள்ளன என்பது இருபதாம் நூற்றாண்டின் குற்றவியலும் உளவியலும் வலியுறுத்திய கருத்தாகும். இக்கருத்தின் வலிமையையும் எல்லையையும் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பொற்கொல்லனின் மனத்தை மட்டும் குற்றத்தின் ஊற்றாகக் கொள்ளும் வாசிப்பு போதாது; அவன் சொல்லை நம்பியோரின் சிந்தனையிலேயே திரிபு மிகுதியாக உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். காப்பியம் இறுதியில் குறிப்பிடும் ஆயிரம் பொற்கொல்லரின் உயிர்ப்பலி, அத்திரிபு அரசின் செயலாகவே மாறியதைக் காட்டுகிறது என்பது இதன் தொடர்ச்சியாக நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், பொற்கொல்லன், சிந்தனைத் திரிபு, நியாயப்படுத்தும் உத்திகள், ஊழ், கூட்டுப்பழி.

முன்னுரை

கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யாது என்னும் வினாவிற்குத் தமிழ்த் திறனாய்வு மரபு பெரும்பாலும் இரு விடைகளை வழங்கி வந்துள்ளது. ஒன்று ஊழ், மற்றொன்று பொற்கொல்லனின் வஞ்சகம். முதல் விடைக்குப் பதிகமே இடம் தருகிறது. காப்பியம் நிலைநாட்ட வந்த மூன்று உண்மைகளுள் முன்வினை தன் பயனை ஊட்டியே தீரும் என்பதும் ஒன்று. இரண்டாம் விடைக்குக் கொலைக்களக் காதையின் நிகழ்ச்சிகள் சான்றாகின்றன. ஆயினும் இவ்விரு விடைகளும் ஒரு வினாவைத் தொடாமலே நிற்கின்றன. ஒருவன் சொன்ன பொய், நீதி வழுவாதவன் எனப் பெயர் பெற்ற அரசனின் ஆணையாகவும், காவலர் கையில் வாளாகவும் எவ்வாறு மாறியது? இதற்கு விடை காண, சிந்தனைக்கும் குற்றத்திற்கும் உள்ள உறவைப் பற்றிய கோட்பாடுகள் துணைபுரிகின்றன. அதே வேளையில், அக்கோட்பாடுகளின் குறைகளைக் காப்பியமும் வெளிப்படுத்துகிறது. காப்பிய மாந்தர் ஒருவருக்கு உளநோய்ப் பெயர் சூட்டுவது இங்கு நோக்கமன்று. சிந்தனை செயலாகும் வழியைப் பனுவல் எவ்வாறு அமைத்துக் காட்டுகிறது என்பதே நோக்கம்.

சிந்தனைத் திரிபு: கோட்பாட்டுப் பின்னணி

அமெரிக்கச் சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்சா ஆகிய இருவரும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அடிப்படைக் கருத்தை முன்வைத்தனர். குற்றம் புரியும் இளைஞர் சமூக அறத்தை அறியாதவர் அல்லர். அதை ஏற்றுக்கொண்டே தமக்கு மட்டும் விலக்குத் தேடிக்கொள்கின்றனர் என்பது அக்கருத்து. அவ்விலக்கைப் பெற அவர்கள் கையாளும் உத்திகளை ஐந்தாக வகுத்தனர். பொறுப்பை மறுத்தல், தீங்கை மறுத்தல், பாதிக்கப்பட்டவரை மறுத்தல், கண்டிப்பவரைக் கண்டித்தல், மேலான பற்றுக்காகச் செய்ததாகக் கூறல் என்பன அவை.

உளவியலில் இதே சிந்தனை வேறு வழியில் வளர்ந்தது. மனச்சோர்வு பற்றிய ஆய்வில் ஆரோன் பெக் அறிமுகப்படுத்திய சிந்தனைத் திரிபு என்னும் கருத்தாக்கம், பின்னர் சினம், பகை, வன்முறை ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. 1999இல் வெளிவந்த நூலில், எதிரி என்று ஒருவரைக் கருதும் கணத்தில் அவரது மனிதத் தன்மை மறைந்து ஒற்றைப் பெயர் மட்டுமே எஞ்சுகிறது என்று அவர் விளக்கினார். ஆல்பர்ட் பண்டூரா இதனை அறத்திலிருந்து மனம் தன்னைக் கழற்றிக்கொள்ளும் செயலாகக் கண்டார். தீச்செயலுக்கு நற்பெயர் இடுதல், பொறுப்பைப் பலரிடையே பகிர்ந்து கரைத்தல், பாதிக்கப்படுவோரை இழித்தல் முதலியன அவர் சுட்டிய வழிகள்.

இவர்களினின்றும் வேறுபட்டவர்கள் சாமுவேல் யோக்கல்சனும் ஸ்டாண்டன் சேமனவும். வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இவர்கள், 1976 முதல் வெளியிட்ட தொகுதிகளில் குற்றவாளிகளுக்கே உரிய சிந்தனைப் பிழைகள் உள்ளன என்றும், குற்றத்தின் காரணத்தைச் சூழலில் தேடாமல் அச்சிந்தனையிலேயே தேட வேண்டும் என்றும் வாதிட்டனர். குற்றம் புரியாதாரோடு முறையாக ஒப்பிடாமல் இம்முடிவு எட்டப்பட்டது என்பது இதன்மீது வைக்கப்படும் முதன்மையான மறுப்பு. ஷாட் மருனா, ரூத் மான் ஆகியோர் 2006இல் இம்மறுப்பை மேலும் கூர்மையாக்கினர். தன் பிழைக்குச் சாக்குச் சொல்வது மனித இயல்பு. அதைக் குற்றவாளியிடம் மட்டும் நோயாகக் காண்பது ஆய்வாளரின் பிழை என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

ஆக, இக்கோட்பாட்டு விவாதத்தில் இரு வினாக்கள் தீராமல் உள்ளன. திரிபு குற்றத்திற்கு முன் தோன்றுகிறதா, பின் தோன்றுகிறதா என்பது ஒன்று. அது குற்றவாளிக்கு மட்டும் உரியதா, அனைவர்க்கும் பொதுவா என்பது மற்றொன்று. கொலைக்களக் காதை இவ்விரண்டிற்கும் பொருத்தமான களமாக அமைகிறது.

பொற்கொல்லன்: பொய்யும் திரிபும்

பொற்கொல்லன் செய்யும் குற்றங்கள் இரண்டு. அரசியின் சிலம்பைக் களவாடியது முதற்குற்றம். கோவலன்மேல் அப்பழியைச் சுமத்தியது இரண்டாம் குற்றம். இவற்றுள் முதலாவது காப்பியத்தில் நிகழ்ச்சியாக இடம்பெறவே இல்லை. அவன் ஏன் களவாடினான் என்பதற்குப் பனுவல் ஒரு காரணமும் கூறவில்லை. நூறு பொற்கொல்லர் பின்தொடர, அரண்மனைத் தொழிலுக்குரிய மதிப்போடு அவன் அறிமுகமாகிறான். வறுமையோ பகையோ சுட்டப்படவில்லை.

கோவலன் தன் பொதியை அவிழ்த்துச் சிலம்பைக் காட்டிய பிறகுதான் அவன் மனம் வாசகருக்குத் திறக்கப்படுகிறது. தான் மறைத்துக்கொண்ட சிலம்பு அரசனுக்கு வெளிப்படுவதற்கு முன், வேற்று நாட்டிலிருந்து வந்த இப்புதியவனைக் கொண்டு அந்த ஐயத்தைப் போக்கிக்கொள்ளலாம் என்று அவன் எண்ணுகிறான். இச்சிறு மனமொழி கூர்ந்து நோக்கத்தக்கது. தான் களவாடியதை அவன் தனக்குத்தானே மறைக்கவில்லை. அதற்கு வேறு பெயரும் இடவில்லை. சிலம்பைத் தானே கவர்ந்தான் என்னும் உண்மை அவன் எண்ணத்தில் தெளிவாகவே நிற்கிறது. சைக்ஸ், மாட்சா வகுத்த ஐந்தில் பொறுப்பை மறுத்தலோ, தீங்கை மறுத்தலோ இங்கு இல்லை. பிறரிடம் பொய் சொல்வது வேறு. தன்னிடமே பொய்யாகச் சிந்திப்பது வேறு. பொற்கொல்லன் முதலாவதைச் செய்கிறான். அவன் அறிவு திரியவில்லை, கணக்கிடுகிறது.

எனினும் ஓரிடத்தில் அவனிடம் திரிபு உண்டு. கோவலனை அவன் பெயரால் எண்ணவில்லை. குலத்தாலோ தோற்றத்தாலோ எண்ணவில்லை. வேற்றூரிலிருந்து வந்த புதியவன் என்னும் ஒரே அடையாளத்தால் எண்ணுகிறான். தனக்காகப் பேச ஆளில்லாதவன் இறந்தால் கேட்பார் இல்லை என்னும் துணிவு அவ்வடையாளத்திலிருந்து பிறக்கிறது. இது பாதிக்கப்பட்டவரை மறுத்தல் என்னும் உத்தியின் தெளிவான வடிவம். கண்ணகி என்றொருத்தி இருப்பதையும், அவளிடம் மற்றொரு சிலம்பு இருப்பதையும் அவன் கணக்கில் கொள்ளாமைக்கு இத்திரிபே காரணம். வேற்றூரானுக்கும் ஒரு வீடு உண்டு என்பதை அவன் கண் காணவில்லை.

திரிபு முன்னா பின்னா என்னும் வினாவிற்கும் இங்கு விடை கிடைக்கிறது. இத்திரிபு களவிற்குப் பின்னரும் கொலைக்கு முன்னரும் தோன்றுகிறது. ஒரு குற்றத்தை மறைக்கப் பிறந்த எண்ணமே அடுத்த குற்றத்திற்குக் காரணமாகிறது. எனவே முன், பின் என்பன எதிர்நிலைகள் அல்ல. குற்றம் தொடராகும்போது ஒன்றின் பின் அடுத்ததன் முன் ஆகிவிடுகிறது. களவின் காரணத்தைக் கூறாமல் விட்டுக் கொலையின் காரணத்தை மட்டும் பனுவல் விரித்தது இவ்வகையில் பொருளுடையது.

அரசன்: ஒரு நிபந்தனையில் இரு வினாக்கள்

பொற்கொல்லன் அரசனைச் சந்திக்கும் தருணத்தைக் காப்பியம் கவனத்தோடு அமைத்துள்ளது. ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் உள்ளம் ஈடுபட்டதாக எண்ணி ஊடிய அரசி, தலைநோய் எனக் காரணம் காட்டி எழுந்து செல்கிறாள். அவள் ஊடலைத் தணிக்க விரையும் வழியில், வாயிலில் வீழ்ந்து வணங்கும் கொல்லனின் சொல்லை அரசன் கேட்கிறான். கன்னக்கோலும் இன்றி, மந்திரத்தின் துணையால் காவலரை உறக்கத்தில் ஆழ்த்திச் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்பது கொல்லனின் செய்தி. சான்று ஏதும் இல்லாததையே கள்வனின் திறமைக்குச் சான்றாக்கும் சொல் அது.

உடனே ஊர்க்காவலரை அழைத்து அரசன் இடும் ஆணை நிபந்தனையோடு கூடியது. அரசியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க என்பது அதன் பொருள். இந்நிபந்தனை நீதி போலத் தோன்றுகிறது. ஆயினும் அது இரு வினாக்களை ஒன்றாகக் கலக்கிறது. அவன் கையில் ஒரு சிலம்பு உண்டா என்பது முதல் வினா. அது அரசியின் சிலம்புதானா என்பது இரண்டாம் வினா. முதலாவதைக் காவலர் கண்ணால் அறியலாம். இரண்டாவதை அறியப் பரல் நோக்க வேண்டும். முதல் வினாவின் விடையையே இரண்டாம் வினாவிற்கும் விடையாக அரசன் கொண்டுவிட்டான். கள்வன் என்னும் சொல்லும் ஆணையிலேயே இடம்பெற்றுவிடுகிறது. விசாரிக்கப்பட வேண்டியது விசாரணைக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கொல்வதற்காகக் கொணர்க என்று சொல்லக் கருதியவன், வினை விளையும் காலம் ஆதலின் கொன்று கொணர்க எனச் சொல்லிவிட்டான் என்று உரை மரபு ஒரு விளக்கம் தருகிறது. அரசனின் நீதியைக் காக்க முயலும் விளக்கம் இது. ஆனால் இவ்விளக்கத்தை ஏற்பினும் பிழை நீங்கவில்லை. கொல்வதற்காகவே கொணரச் சொல்வதிலும் தீர்ப்பு முன்னரே முடிந்துவிட்டது. நாக்குப் பிறழ்ந்ததற்கு முன்பே சிந்தனை பிறழ்ந்துவிட்டது.

காவலர்: ஐயம் அடங்கிய விதம்

காதையின் மிக நுட்பமான பகுதி காவலர் உரையாடலாகும். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்ற இலக்கணம் கொலைக்குரியவனின் இலக்கணம் அன்று என்கின்றனர். இக்கொலையைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே தருணம் இது. கொல்லன் அவர்களை எள்ளி நகைத்துக் களவு நூல் கூறும் எட்டுத் துணைகளை விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்பன அவை. தொடர்ந்து, தூதன் வேடத்திலும் பெண் வேடத்திலும் அரண்மனை புகுந்து இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து தப்பிய கள்வன் ஒருவனின் கதையையும் சொல்கிறான்.

இவ்வாதத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. கள்வன் போல் தோன்றினால் அவன் கள்வன். கள்வன் போல் தோன்றாவிடில் மறைக்கத் தெரிந்த பெருங்கள்வன். எந்தச் சான்றாலும் மறுக்க முடியாத வாதம் இது. கோவலனின் நல்ல தோற்றம் அவனைக் காக்க வேண்டியது. அதுவே அவனுக்கு எதிராகத் திருப்பப்படுகிறது.

அடுத்துப் பேசும் இளங்காவலன் இத்திரிபை முழுமையாக்குகிறான். மழைக்கால நள்ளிரவில் உளியோடு வந்த ஒருவன் தன் வாளைப் பறித்துச் சென்று மறைந்ததை அவன் நினைவுகூர்கிறான். அந்நிகழ்ச்சிக்கும் கோவலனுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. பழைய அவமானமும் அரசன் தண்டிப்பான் என்னும் அச்சமும் மட்டுமே அவனைப் பேசவைக்கின்றன. தான் தோற்ற பழைய பகைவனின் இடத்தில் எதிரே நிற்பவனை அவன் வைத்துப் பார்க்கிறான். அவன் சொல் முடிந்தவுடன், கல்வியறிவற்ற, குடிவெறி கொண்ட ஒருவன் வாளை எறிகிறான். முடிவெடுத்தவர் யார் எனக் கேட்டால் விடையில்லை. கொல்லன் சொன்னான், அரசன் நிபந்தனையோடு ஆணையிட்டான், இளங்காவலன் என்ன செய்வது என வினவினான், குடித்தவன் வெட்டினான். பண்டூரா குறிப்பிடும் பொறுப்புக் கரைதலுக்கு இதனினும் தெளிவான காட்சி அரிது.

இந்நெடிய உரையாடலில் கோவலனுக்கு ஒரு சொல்லும் தரப்படவில்லை. இச்சிலம்பு உனக்கு எவ்வாறு கிடைத்தது என்று எவரும் கேட்கவில்லை. சேமனவ் போன்றோர் குற்றவாளியின் உள்ளத்தில் தேடியது இங்கு அரண்மனை வாயிலிலும் காவலர் நடுவிலும் பரவிக் கிடக்கிறது. இவர்கள் எவரும் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். அவரவர் கடமையைச் செய்வதாகவே எண்ணினர்.

ஊழ் என்னும் விளக்கம்

கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்புச் செய்தியைக் கூறுகிறது. கலிங்கத்துச் சிங்கபுரத்தில் அரசுப் பணியாளனாக இருந்த பரதன், அங்காடியில் அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைநாட்டு ஒற்றன் என அரசனிடம் காட்டிக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி துயருற்று அலைந்து, சாபமிட்டு உயிர்நீத்தாள். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான் என்பது செய்தி.

இதனை வினைக் கணக்காக மட்டும் வாசிப்பது வழக்கம். ஆனால் இரு நிகழ்ச்சிகளின் அமைப்பு ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. இரண்டிலும் வேற்றூர் வணிகன், இரண்டிலும் அணிகலன், இரண்டிலும் அரசனுக்கு நெருக்கமான ஒருவன் சூட்டும் பெயர். அங்கு ஒற்றன், இங்கு கள்வன். இரண்டிலும் விசாரணையற்ற கொலை, தனித்து நிற்கும் மனைவி. தலைமுறை மாறினும் திரிபின் வடிவம் மாறவில்லை. ஊழ் என்று காப்பியம் கூறுவதை, திருத்தப்படாத சிந்தனைப் பழக்கம் மீண்டும் மீண்டும் விளைவிக்கும் பயன் என்றும் கொள்ள இடமுண்டு.

ஊழே முழு விளக்கம் எனின் பொறுப்பு எவருக்கும் இல்லாமற்போகும். அது பொறுப்பை மறுத்தல் என்னும் உத்தியாகவே முடியும். காப்பியம் அதற்கு இடம் தரவில்லை. கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்த கணத்தில், பாண்டியன் ஊழைச் சுட்டவில்லை. கொல்லனையும் முதற்பொறுப்பாளி ஆக்கவில்லை. கொல்லன் சொல்லைக் கேட்ட தானே கள்வன் என்று தன்மேல் அப்பெயரை ஏற்றி உயிர் நீக்கிறான். பிறருக்குச் சூட்டிய பெயரைத் தனக்கே திருப்பிக்கொள்வது, திரிபு நீங்கியதன் அடையாளம். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் எளிய சோதனை கொலைக்கு முன்னரும் இயன்றதே. அதைக் கேட்டவள் அரசவையில் உள்ளவள் அல்லள்; புதியவனின் மனைவி.

ஆயிரம் பொற்கொல்லர்: திரிபு அரசுச் செயலாதல்

காப்பியத்தின் உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் ஒரு செய்தியைத் தருகின்றன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினித் தெய்வத்திற்கு ஒரே பகலில் பலியிட்டான். உரைபெறு கட்டுரை அதனால் மழை பெய்து நாட்டின் நோய் நீங்கியது என்று முடிக்கிறது. திறனாய்வில் இச்செய்தி பெரும்பாலும் வழிபாட்டு வரலாற்றுக்குரிய குறிப்பாகக் கடந்து செல்லப்படுகிறது.

குற்றம் புரிந்தவன் ஒருவன். பலியானவர் ஆயிரவர். அவர்களை இணைத்தது தொழிலும் குலமும் மட்டுமே. ஒருவனின் செயலை அவன் சார்ந்த அனைவரின் இயல்பாகக் கொள்ளும் மிகைப்பொதுமை இது. கோவலனைக் கொன்ற சிந்தனையும் இதுவே. அங்குப் புதியவன் என்னும் அடையாளம் போதுமானதாயிற்று. இங்குப் பொற்கொல்லன் என்னும் அடையாளம் போதுமானதாயிற்று. ஒரு கொலைக்குக் கழுவாயாகச் செய்யப்பட்ட செயல், அக்கொலையின் தருக்கத்தை ஆயிரம் மடங்காக்கியது.

மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தோடு இதனை ஒப்பிடலாம். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரிடம் மட்டும் செல்லுமாறு அவள் தீக்கடவுளை ஏவினாள். அவ்வேவலின் நியாயம் தனி விவாதத்திற்குரியது. ஆயினும் சினத்தின் உச்சியிலும் பிரித்துப் பார்க்கும் முயற்சி அவளிடம் இருந்தது. நாட்டின் நலம் கருதிய அரசனிடம் அது இல்லை. நிதானமாகவும் சடங்காகவும் செய்யப்படும் திரிபு, சினத்தினும் கொடியதாகிறது. இளங்கோவடிகள் இப்பலியைக் கண்டித்தார் என்பதற்குப் பனுவலில் வெளிப்படையான சான்று இல்லை; மழை பெய்தது என்னும் முடிப்பு அதனை ஏற்பதாகவே ஒலிக்கிறது. அறம் கூற்றாகும் என்று கூறும் காப்பியத்தில் அவ்வறம் இவ்வாயிரவரைச் சென்றடையவில்லை என்பதை வாசகர் மறைக்க வேண்டியதில்லை.

இது பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. பிறப்பைக் கொண்டே சில சமூகங்களைக் குற்றம் புரிவோர் எனப் பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் பிறந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் கைரேகை பதிய மறுத்துத் திரண்ட பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு உயிர்கள் பறிக்கப்பட்டன. இந்தியா முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952இல்தான். குற்றவாளியின் சிந்தனைத் திரிபை ஆராய்வோர், குற்றவாளி என்று பிறரை வரையறுப்போரின் திரிபையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டியதன் தேவையை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முடிவுரை

திரிந்த சிந்தனை குற்றத்திற்குத் துணைபோகிறது என்னும் கோட்பாட்டைக் கொலைக்களக் காதை உறுதிப்படுத்துகிறது. அதே சமயம் திருத்தவும் செய்கிறது. தெரிந்தே உரைக்கும் பொய்யையும் அறியாமல் நிகழும் திரிபையும் வேறுபடுத்த வேண்டும். பொற்கொல்லனிடம் பொய் மிகுதி, திரிபு ஒன்றே. அவனை நம்பியோரிடம் பொய் இல்லை, திரிபு பல. திரிபு குற்றத்திற்கு முன்னா பின்னா என்னும் வினா, குற்றங்களைத் தொடராக நோக்கும்போது தன் கடுமையை இழக்கிறது. திரிபு குற்றவாளி என்னும் தனியினத்தின் உடைமையன்று. ஆணையிடுவோர், காவல் காப்போர், கழுவாய் தேடுவோர் ஆகிய அனைவரிடமும் அது இயங்குகிறது.

பொற்கொல்லனை வஞ்சகன் என்று சொல்லி முடித்துவிடும் வாசிப்பு, வெற்றிவேற் செழியனின் பலியைக் கேள்வியின்றி ஏற்கும் நிலைக்குக் கொண்டு செல்லும். சிலம்பின் பரல் யாது என்று முதலில் கேட்கும் வாசிப்பே கோவலனுக்கும் அவ்வாயிரவருக்கும் ஒருசேர நீதி வழங்கும்.